திரும்பிப் பார்க்காத நாற்பது நிமிடம்

— இன்னும் கொஞ்சம் காலை அகட்டோணுமுங்க. வேண்டாமுங்கம்மா, போதும், எந்திரிச்சுருங்க. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நீங்க இதெல்லாம் செய்யக் கூடாது.

— அகட்டணும்னா எம்புட்டு? இம்புட்டா? சொல்லு தாயி.

— தோள் அகலத்துக்கு ரெண்டு பங்கு. பாதம் ரெண்டும் நேரா முன்னாடி பாக்கோணும். சீலையைத் தூக்கிச் சொருகிட்டீங்களா?

— சொருகிட்டேன். பெறகு?

— அப்பறம் உக்காரோணும். அடியில நாற்காலி இருக்கற மாதிரி. குதிரை மேல உக்காந்த மாதிரின்னு மாஸ்டர் சொல்லுவாரு. சீனியம்மா, நான் நெசமான நாற்காலியே எடுத்தாரச் சொல்றனுங்க. அதுல உக்காந்து பேசலாம்.

— நாற்காலில உக்கார நான் எதுக்கு மாடிப்படி ஏறி வரணும்? கீழ செக்கிங் டேபிள்ல ஸ்டூலு இருக்கே. கை எங்கிட்டு வைக்கணும்?

— இடுப்புல. முஷ்டி புடிச்சு, உள்ளங்கை மேல பாத்தாப்பல.

— வினிதா இப்பிடித்தான் வச்சிருந்தாளா?

— ஆமாங்க.

— அன்னிக்கும்?

— அன்னிக்கும் இப்படித்தானுங்க.

— சரி. மணியப் பாத்துக்க.

— ஏனுங்கம்மா இப்படிப் பண்றீங்க? அப்பா கம்பெனியில நீங்க இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல இருக்கறீங்க. உங்க மக வினிதா போனதுக்கு அப்பறம் ஒரு நாள் இந்த ஹாலுக்கு வந்ததில்லை. நான் கல்யாணப் பத்திரிகை குடுக்கக் கூப்பிட்டப்பக்கூட, நீ கீழ எறங்கி வான்னு சொன்னீங்க. இன்னிக்கு என்ன திடீர்னு?

— கேட்டுல பிளக்ஸ் கட்டியிருக்காகல்ல. மூக்கையா மாஸ்டர் படம் போட்டு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ஞாயித்துக்கெழமை பழைய முறைப் பயிற்சின்னு எழுதியிருக்கு. பழைய முறைன்னா இந்த நிக்கிறதுதான?

— அது அப்பா கட்டினதுங்க. டேக்வாண்டோ க்ளாஸ் ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருசம் ஆச்சுன்னு விழா வெக்கறாரு. மாஸ்டரும் வர்றாரு. புள்ளைங்க பத்து நிமிசம் நின்னு காட்டோணும்னு கேட்டாரு. பத்தே நிமிசமுங்க. பேன் ஓடும். தண்ணி இருக்கும். நான் பக்கத்துலயே இருப்பேன்.

— பத்து நிமிசம்னா எம்புட்டுன்னு எனக்குத் தெரியாதுல்ல. அதான் வந்தேன். இப்ப எம்புட்டு ஆச்சு?

— ஒண்ணேகால் நிமிசம்.

— ஆத்தி. மணி ஓடுதா, நின்னு போச்சா?

— ஓடுதுங்க. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். நிமிந்துருங்களே.

— மாட்டேன். இன்னொண்ணும் கேக்கணும். இருபத்திரெண்டு வருசமாக் கேக்காதது. விழுந்த பெறகு வினிதா கண்ணத் தொறந்தாளா? தொறந்தான்னா எந்தப் பக்கம் பாத்தா?

— அதான் அன்னிக்கே சொன்னனுங்களே. மாஸ்டர் உள்ள வர்றாரு, அவளும் விழுகறா. ஒடனே தூக்கிட்டோம். கண்ணை மூடினது மூடினபடிதான்.

— அதத்தான் சொல்லிக்கிட்டிருக்க. நானும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டேன். இன்னிக்கு அது வேண்டாம். நான் வைய மாட்டேன், மொதலாளிக்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். நெசத்தை மட்டும் சொல்லு. எங்க பாத்தா?

— நான் பொய் சொல்றேன்னு நெனைக்கறீங்களா?

— நெனைக்கலை தாயி. தெரியும்.

— எப்படி? கீழ சத்தம் கேட்டுச்சுங்களா?

— சத்தத்தைப் பத்தி எங்கிட்ட கேக்காத. உன் க்ளாஸ்ல எந்தப் புள்ள விழுந்தாலும் எனக்குத்தான் மொதல்ல தெரியும். என் டேபிளுக்கு நேர் மேல இது. திடும்னு கேக்கும். கையில இருக்குற பனியன அப்பிடியே வச்சிட்டு மூச்சப் புடிச்சுக்கிட்டு இருப்பேன். பெறகு சின்னக் கால் ரெண்டு தடதடன்னு ஓடும். சரி, எந்திரிச்சிருச்சுன்னு அடுத்த பனியன எடுப்பேன். சூப்பர்வைசர் முனீஸு கேப்பான், என்னக்கா சாமி வந்துருச்சான்னு.

— இது எனக்குத் தெரியாதுங்க.

— உனக்கு எப்பிடித் தெரியும்? நீ மேல இருக்க. அவ நின்ன எடம் இதுதானா?

— இல்லீங்க. நீங்க நிக்கறது என்னோட எடம். அவ எனக்கு எடது பக்கம் ரெண்டு எட்டு தள்ளி. அந்தக் கருப்புப் பெட்டி வெச்சிருக்கற எடம்.

— அதத் தள்ளு. நான் அங்கிட்டு நிக்கணும்.

— வேண்டாமுங்கம்மா. அந்த எடத்துல யாரையும் நிக்க விடறதில்லீங்க. அதுக்காகத்தான் பெட்டியை அங்க வெச்சது. புள்ளைங்க கேட்டா பிளக்பாயிண்ட் அங்கதான் இருக்குதுன்னு சொல்லுவேன்.

— நானு யாரோவா? தள்ளுங்குறேன்.

— பொறுங்க, பொறுங்க. வயரை எடுத்தறேன். பாத்து வாங்க. ஆங், இங்கதான்.

— இதென்ன பெட்டி, இம்புட்டுக் கனமா இழுக்குற?

— பாயிண்ட் மிஷினுங்க. புள்ளைங்க மாருல கவசம் கட்டிக்குவாங்க, உள்ள சென்சார் இருக்குது. கால் சரியாப் பட்டா இதுல நம்பர் ஏறும். உங்களுக்குக் கீழ பீப் பீப்னு கேக்குமே, அது.

— அடக் கெரகமே, அதுவா? எங்க செக்கிங்ல இருக்குற பீகாருப் பய, மேல லிப்டு ரிப்பேரா அம்மான்னு தெனம் கேக்குறான். நானும் ஆமான்னு தலையாட்டிக்கிட்டிருக்கேன். முன்ன நீங்க அடிச்சா தொண்டை கிழியக் கத்துவீக. கீழ பொம்பளைக எல்லாம் சிரிப்பாளுக. என் மக கத்துறது மட்டும் எனக்குத் தனியாத் தெரியும். இப்ப அடிக்கிற சத்தமே வர்றதில்லையே.

— வராதுங்க. இப்ப லேசாத் தொட்டாலே பாயிண்ட். வேகம்தான் வேணும், பலம் வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட்டு. காலேஜ் சீட்டுக்கு சர்ட்டிபிகேட்டு. முன்னெல்லாம் மரத்தூண்ல கயிறு சுத்திக் குத்த வெப்பாரு மாஸ்டர். நம்ம கம்பெனி வேஸ்ட்டு நூலைத் திரிச்ச கயிறு. முட்டி கிழிஞ்சு நூலெல்லாம் செவப்பாயிரும். செங்கல் மேல முட்டியை ஊணித் தண்டால். அப்பறம் இந்த நிக்கறது. எல்லாத்தையும் எடுத்தது நான்தானுங்க. பதினாலு வருசமா க்ளாஸ் நடத்தறேன், ஒரு புள்ளையையும் இப்படி நிக்க வெச்சதில்லை.

— அதுக்கு மாஸ்டரு என்ன சொன்னாரு?

— வாட்ஸ்அப் குரூப்புல போட்டாரு. எங்க அப்பா பேரைச் சொல்லி, கிட்டுசாமி மக நடத்தறது தொட்டுப் புடிச்சு ஆட்டம்னு.

— நீ என்ன சொன்ன?

— கும்பிடற பொம்மை போட்டனுங்க.

— ஹ்ம். சிரிக்க வைக்காத, காலு ஆடுது. எம்புட்டு ஆச்சு?

— மறுபடி நின்னதுல இருந்து மூணு. நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்துதுங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான்...

— நீயும் வந்து நில்லு. உன் எடத்துல. எதுக்க நின்னு என் மூஞ்சியப் பாத்தா நீ பொய்தான் சொல்லுவ. அன்னிக்கு மாதிரி ரெண்டு பேரும் சொவரப் பாத்து நிப்போம்.

— நான் அதுக்கப்பறம் நின்னதே இல்லீங்க.

— நில்லு தாயி.

— சரிங்க. நிக்கறேன். நின்னுட்டேன்.

— வலிக்குதா?

— இல்லீங்க. அதுதான் பயமா இருக்குது. கால் தானாப் போயி உக்காந்துக்குச்சு.

— இதெல்லாம் நிறுத்திப்போட்டவ, இப்ப மட்டும் எதுக்கு ஒத்துக்கிட்ட?

— எனக்கும் இது வேணுமாட்ட இருந்துச்சுங்க. நிக்கறப்ப ஒரு கட்டம் வரும். அதுவரைக்கும் தொடையில நெருப்பு வெச்ச மாதிரி இருக்கும். அப்பறம் வலி போயிரும். கால் நம்மளது இல்லைன்னு ஆயிரும். ஊடு, பள்ளிக்கூடம், அப்பா போடற சத்தம், ஒண்ணும் உள்ள இருக்காது. அந்த மாதிரி ஒரு அமைதி எனக்கு வேற எங்கயும் கெடைக்கலீங்க. மெடல் வாங்கினப்ப இல்லை, கல்யாணத்துல இல்லை, கொழந்தை பொறந்தப்பக்கூட இல்லை. மாஸ்டர் போன்ல கேட்டதும் வேண்டாம்னுதான் சொல்ல வந்தேன். வாயி சரின்னு சொல்லிருச்சு. ஆசைதானுங்க. ஆசைப்பட்டதை நெனச்சா என் மேலயே அருவருப்பா இருக்குது.

— அந்த எடத்துலதான் என் மக செத்தா.

— ஆமாங்க. அங்கதான் எனக்கு அமைதியும் இருந்துச்சு. இதை யார்கிட்டப் போயிச் சொல்றது.

— அன்னிக்கு எதுக்கு மாஸ்டரு உங்களத் தனியா விட்டுட்டுப் போனாரு?

— அவரு எப்பவும் போவாருங்க. அவரு மொதல்ல நம்ம கம்பெனியில நிட்டிங் மிஷின் பிட்டருதானுங்களே. கொரியாவுல இருந்து மிஷின் மாட்ட வந்தவரு ஒருத்தருகிட்டக் கத்துக்கிட்டாரு. அந்தக் கொரியாக்காரரு இவரை நிக்க வெச்சுட்டு மிஷினைப் பாக்கப் போயிருவாராம். ஆள் இல்லாதப்பவும் நிக்கறதுதான் பயிற்சியாம். இவரும் எங்களை அப்படியே பழக்கினாரு. அவரு வந்து பாரோன்னு சொல்லோணும். பாரோன்னா போதும், பழையபடி நில்லுன்னு அர்த்தம். அது வரைக்கும் அசையக் கூடாது, பேசக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. பக்கத்துல பாம்பே வந்தாலும் சொவரைத்தான் பாக்கோணும்.

— பொல்லாத சட்டம்தான்.

— அப்ப அது சட்டமாத் தெரியலீங்க. பெருமையா இருந்துச்சு. அன்னிக்கு மத்த புள்ளைங்கெல்லாம் போயிட்டாங்க. கருப்பு பெல்ட் பரிச்சைக்கு நாங்க ரெண்டு பேருதான். மே மாசம். மேல தகர ஷீட்டு. பேன் வெக்க விடமாட்டாரு. நிக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல கீழயிருந்து அப்பா கத்தினாரு, எட்டாம் நம்பர் மிஷின் நின்னுபோச்சுன்னு. மாஸ்டர் எறங்கிப் போயிட்டாரு. மிஷின் சரியாகறதுக்கு நாப்பது நிமிசம் ஆச்சு.

— வினிதா எத்தனாவது நிமிசத்துல விழுந்தா?

— அம்மா, போதுமுங்க, நிமிந்துருங்க. எனக்குப் பாக்காமயே தெரியுது. மூச்சு மாறிருச்சு.

— அவளுக்கும் மாறுச்சா?

— மாறுச்சுங்க.

— எப்ப?

— டீ பெல் அடிச்ச கொஞ்ச நேரத்துல. பாதி நேரம் போயிருக்கும். இருபது நிமிசம். எடது பக்கம் அவ மூச்சு, விசில் அடிக்கற மாதிரி மாறுச்சு. அப்பறம் சத்தம். முட்டி மொதல்ல. அப்பறம் தலை.

— நீ திரும்பலை.

— திரும்பலீங்க.

— மாஸ்டருக்குப் பயந்துக்கிட்டா?

— அப்படிச் சொல்லி நான் தப்பிச்சுக்கலாம். பயமில்லீங்க. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு.

— என்னத்தச் சொல்லுற?

— ஜெயிச்சுட்டேன்னு நெனச்சனுங்க. மூணு வருசம், எல்லாத்துலயும் வினிதாதான் மொதல்ல. உதைக்கறதுல, ஓடு ஒடைக்கறதுல, எல்லாத்துலயும். மாஸ்டர் எங்க அப்பா முன்னாடியே சொல்லுவாரு, மொதலாளி, உங்க பொண்ணு ரெண்டாவதுதானுங்கன்னு. அப்பா சிரிப்பாரு. ஊட்டுக்கு வந்து சிரிக்கமாட்டாரு. அன்னிக்கு அவ விழுந்துட்டா, நான் நிக்கறேன். மாஸ்டர் வந்து என்னைப் பாக்கோணும். அதுக்காக இன்னும் கொஞ்சம் கீழ எறங்கி உக்காந்தேன். நல்லா அழகா.

— கூப்பிட்டாளா அவ? உன்னையாவது, என்னையாவது?

— கூப்பிடலீங்க. வெரல்ல பாயைச் சொரண்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு. கொஞ்ச நேரம். எந்திரிக்கப் பாக்கறான்னு நெனச்சேன். எந்திரிச்சாலும் தோத்தது தோத்ததுதான்னு நெனச்சேன். அப்பறம் சொரண்டலை.

— எம்புட்டு நேரம் கெடந்தா?

— இருபது நிமிசமுங்க. மாஸ்டர் படியேறி வந்தாரு. வாசல்ல இருந்தே, பழக்கதோசத்துல, பாரோன்னாரு. நான் நிமிந்தேன். கைகால் சேத்து, குனிஞ்சு, வணக்கம் வெச்சேன். அப்பறம்தான் திரும்பினேன். வணக்கம் வெச்சுட்டுத்தானுங்க திரும்பினேன்.

— ஆஸ்பத்திரியில கேட்டாகளே.

— டாக்டர் மாஸ்டரைப் பாத்துத்தான் கேட்டாரு, எப்ப விழுந்துச்சுன்னு. நான் முந்திக்கிட்டேன். இப்பத்தானுங்க, இவரு வர்றப்பத்தானுங்கன்னு. மாஸ்டர் என்னைப் பாத்தாரு. அவருக்கும் அதுதான் சௌகரியம். அப்பாவுக்கும்.

— கால்மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா பொழச்சிருக்கும்னு அந்த நர்ஸம்மா சொல்லுச்சு.

— உங்களுக்கும் கேட்டுச்சா?

— எனக்குத்தான சொல்லுச்சு.

— திட்டுங்கம்மா. ஒரு அடியாச்சும் அடிச்சுருங்க.

— உன் போனு அடிக்குது. எடு. நான் நிக்குறேன்.

— அப்பாவுங்க. சொல்லுங்கப்பா. மேலதான் இருக்கேன். சீனியம்மாவும் இங்கதான் இருக்காங்க. பீஸ் தேங்கிப் போச்சுன்னா தெய்வாத்தாளை உக்கார வையுங்க, அவங்க இப்ப வரமாட்டாங்க. அப்பா, கேளுங்க. அந்த பிளக்ஸை அவுத்துருங்க. ஞாயித்துக்கெழமை நான் யாரையும் நிக்க வெக்கமாட்டேன். பத்து நிமிசமும் இல்லை, ஒரு நிமிசமும் இல்லை. மாஸ்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். ஏன்னு ராத்திரி ஊட்டுக்கு வந்து சொல்றனுங்க. எல்லாத்தையும் சொல்றேன். வெக்கறேன்.

— மொதலாளி என்ன சொல்லுறாக?

— பிளக்ஸ்காரனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு கேக்கறாரு. அய்யோ, அம்மா! புடிச்சுக்குங்க. என் தோளைப் புடிச்சுக்குங்க.

— விடு, விடு. நானே உக்காந்துக்குறேன். எம்புட்டு?

— ஒம்பது நிமிசம். தண்ணி குடிங்க. காலை நீட்டுங்க, நான் தேச்சு விடறேன்.

— ஒம்பதுதானா. அவ இருபது நின்னிருக்கா. கெட்டிக்காரி.

— நெம்ப கெட்டிக்காரிங்க.

— தாயி, நான் கேட்டதுக்கு நீ இன்னும் சொல்லலை.

— எல்லாத்தையும் சொல்லிட்டனுங்களே.

— உன்னையப் பத்திச் சொன்ன. நான் அதக் கேக்கலை. அவ கெடந்த மாதிரி நான் படுக்குறேன். தலை எங்கிட்டு இருந்துச்சு?

— அம்மா, வேண்டாமுங்க.

— எங்கிட்டு?

— சொவத்துப் பக்கம் கால். தலை இந்தப் பக்கமா. ஒருக்களிச்சு. எடது கை அடியில மாட்டிக்கிச்சு. இல்லீங்க, இன்னும் உள்ள.

— இப்பிடியா? மூஞ்சி? நீயே திருப்பி வை.

— என்னால முடியாதுங்க.

— முடியும். திருப்பு.

— இப்படி. இன்னும் கொஞ்சம். இப்படித்தானுங்க.

— கண்ணு?

— தொறந்திருந்துச்சுங்க. மூடியிருந்துச்சுன்னு நான் சொன்னது பொய்யி. நான்தான் மூடி விட்டேன், நீங்க ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடி. ஏனுங்கம்மா, அழுவறீங்களா? என்னங்க தெரியுது அங்கிருந்து?

— வாசல் தெரியுது. படிக்கட்டுல மேல மூணு படி தெரியுது.

— ஆமாங்க. அந்தப் படியைத்தான் பாத்துட்டே கெடந்தா. மாஸ்டர் எப்ப வருவாருன்னு பாத்திருப்பாளுங்க.

— மாஸ்டரப் பாக்கலை தாயி. டீ பெல்லு அடிச்சதும் நான் மேல ஏறி வந்து அந்தப் படியிலதான் நின்னேன். அவ விழுந்தத இந்தக் கண்ணாலதான் பாத்தேன். மொதலாளி மக நிக்கிறப்ப தான் விழுந்தத ஆத்தா பாத்துட்டாளேன்னு வெக்கப்படுவான்னு, சத்தமில்லாம கீழ எறங்கிப் போயிட்டேன்.